சிவப்பு மருந்தும் நைனா ஊசியும்

ராஜபாளையம்
12.10.1998

அன்புள்ள தம்பி நைனா முகமதுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

உங்கள் மதினி மெகராஜ் பேகம் எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதிப் பழகிய கை இது. இந்த முறை அந்த வரியைத் தாண்டிப் போகிறேன். அமெரிக்காவில் உங்களுக்கும் உங்கள் வீட்டாருக்கும் அல்லாஹ் நல்ல உடம்பைக் கொடுக்கட்டும்.

வாராவாரம் போன் பேசும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை உங்கள் போன் வந்தால் ரிசீவர் முதலில் உங்கள் அண்ணன் கைக்குப் போகிறது. அடுத்து உங்கள் அக்கா ஆரிபா. அதற்கடுத்து, அன்றைக்கு நோயில் கிடக்கும் உங்கள் அண்ணனைப் பார்க்க வந்து டீ குடித்துக்கொண்டிருக்கும் யாராவது ஒருவர். என்னிடம் வந்து சேரும்போது நீங்கள் அழுது முடித்திருப்பீர்கள். "அண்ணனப் பாத்துக்கோங்க மதினி" என்று சொல்லி வைத்துவிடுகிறீர்கள். பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். பார்த்ததை எழுதுகிறேன்.

முதலில், நீங்கள் அனுப்பிய ஊசி மருந்து வந்த கதை. உங்கள் நண்பர் அதை ஐஸ் நிரப்பிய பிளாஸ்கில் வைத்து, சென்னையிலிருந்து ரயிலில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். நல்ல மனிதர். அன்று சாயந்திரமே தெருவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. வந்தவர்களுக்கெல்லாம் ஆரிபா அக்கா பிரிட்ஜைத் திறந்து காட்டினார். மக்காவிலிருந்து வந்த ஜம்ஜம் தண்ணீரைப் பார்ப்பதுபோல் குனிந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அடிக்கடி திறந்தால் குளிர் போய்விடும், மருந்து கெட்டுப்போகும் என்று நான் சொன்னதற்கு, "ஏட்டி, எந்தம்பி அனுப்புனது, நாலு பேரு பாக்கட்டும்" என்றார். மருந்து நாலு பேர் பார்ப்பதற்காக வந்தது என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

உங்கள் அண்ணனைப் பற்றியும் சொல்ல வேண்டும். சத்திரப்பட்டித் தறிகளில் நெய்த கட்டுத் துணியை வாங்கி ஊர் ஊராக ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பி வளர்ந்த மனிதர். கண் மஞ்சளானதும் எந்த ஆஸ்பத்திரி வாசலையும் மிதிக்காமல் நேரே கூமாப்பட்டிக்குப் பச்சிலை குடிக்கப் போனார். உப்பில்லாமல், எண்ணெயில்லாமல், மோர்ச்சோற்றைத் தின்றுகொண்டு கோடை முழுக்கக் கழித்தார். வயிறு வீங்கிய பிறகுதான் மதுரைக்குப் போனோம். ஈரலில் கட்டி என்று ஸ்கேனில் தெரிந்தது. இன்றுவரை அந்த நோயின் பெயரை இந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. 'அது' என்கிறார்கள். பெயரைச் சொல்லாவிட்டால் கட்டி கோபித்துக்கொண்டு போய்விடும் என்று எண்ணம்போல.

டாக்டர் சமுத்திரம் எங்கள் எல்லோரையும் உட்காரவைத்துச் சொன்னது நன்றாக நினைவிருக்கிறது. அறுத்து எடுக்கும் நிலையில் இல்லை என்றார். கீமோதெரபியை நரம்பில் ஏற்றினால் அது கட்டியைக் கொல்லப் பார்க்கும். நீங்கள் அனுப்பிய ஊசியில் இருக்கும் பெப்டைடு என்பது புரதத்தின் சிறு துண்டு; நம் உடம்பே சுரக்கும் ஒன்றைப் போலச் செய்தது. கட்டிக்கு வளரச்சொல்லிப் போகும் செய்தியை அது வழியில் மறிக்கக்கூடும். "ஒண்ணு அடிக்கும், இன்னொண்ணு அது எந்திரிக்காமப் பிடிச்சுக்கிடும். சேத்துக் குடுத்துப் பாக்கோம்மா. இது புது முயற்சி, உறுதியெல்லாம் நான் சொல்ல மாட்டேன். ஆனா ஒண்ண விட்டுட்டு ஒண்ணுன்னா நான் இதுல எறங்கவே மாட்டேன்" என்றார். விலங்கியல் படித்த எனக்கு மட்டுமல்ல, அங்கே உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் புரிந்த தமிழ்தான் அது.

ஆனால் அந்த அறையை விட்டு வெளியே வருவதற்குள் நம் குடும்பம் அந்த வைத்தியத்தைப் பாகம் பிரித்துவிட்டது. மதுரையில் டாக்டரைப் பிடித்தவர் உங்கள் மூத்த அண்ணன், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெரிய மச்சான் அப்துல் ஹமீது. ஆகவே கீமோதெரபி 'ஹமீது மருந்து'. ஊசி அனுப்பியது நீங்கள். ஆகவே அது 'நைனா ஊசி'. பெரிய மச்சான் மகள் கல்யாணப் பத்திரிகையில் உங்கள் பெயரை மாமன்மார்களுக்கும் கீழே அச்சடித்ததிலிருந்து அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை என்பது ஊருக்கே தெரியும். படித்தவர்கள், தொழில் செய்கிறவர்கள், ஒரு அச்சுக் கோர்ப்பவர் கை போன போக்கில் நாலு வருஷமாக முகம் திருப்பிக்கொண்டு திரிகிறீர்கள். அதுகூட உங்கள் இஷ்டம். அந்தப் பத்திரிகை இப்போது இவர் ஈரலுக்குள் வந்து உட்கார்ந்திருப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

முதல் முறை கீமோ ஏற்றினார்கள். மருந்தே சிவப்பாகத்தான் இருக்கும். அன்று சிறுநீரும் சிவப்பாகப் போகும், பயப்படவேண்டாம் என்று நர்ஸ் முன்கூட்டியே சொன்னார். போனது. "ஹமீது மருந்து ரத்தத்த எடுத்துருச்சே" என்று ஆரிபா அக்கா வாசலில் நின்று கூப்பாடு போட்டார். பிறகு வாந்தி, வாய்ப்புண், முடி உதிர்தல். இதுவும் சொல்லப்பட்டதுதான். உங்கள் ஊசியோ காலையும் மாலையும் வயிற்றுத் தோலில் நான் போடுவது. எறும்பு கடித்த மாதிரி முடிந்துவிடும். கொஞ்சம் வயிற்றுப்போக்கு, அவ்வளவுதான். ஆகவே தீர்ப்பு வந்துவிட்டது. வலிக்கிற மருந்து விஷம், வலிக்காத மருந்துதான் மருந்து. "நைனா ஊசிலதான் உசுரு நிக்கி" என்று உங்கள் அண்ணன் வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். நோயாளி என்பது அவருக்கு இப்போது ஒரு பதவி. தம்பிக்கும் அண்ணனுக்கும் நடுவில் தன்னை ஏலம் விட்டுக்கொண்டு தலையணையில் சாய்ந்திருக்கிறார்.

இதெல்லாம் எனக்குப் பழக்கம். சிரித்துக்கொண்டே காலம் தள்ளியிருப்பேன். ஆனால் போன மாதக் கடைசி ஞாயிறு நீங்கள் போனில், "என் மருந்தே போதும்ணே, அந்த வெசத்த இனிமே ஏத்தாதிய" என்று சொன்னீர்களாம். இவர் அதை ஊரெல்லாம் சொல்லிவிட்டார். இரண்டாவது முறைக்குக் கொடுத்த தேதி போய்விட்டது. டாக்டர் மறுபடி ஒரு தேதி கொடுத்திருக்கிறார்: தீபாவளி முடிந்த வியாழக்கிழமை. வரமாட்டேன் என்று இவர் படுத்துவிட்டார்.

தம்பி, மற்றவர்களுக்குத் தெரியாது என்று விட்டுவிடலாம். நீங்கள் மருந்துக் கம்பெனியில் வேலை பார்க்கிறவர். உங்கள் ஊசி மட்டும் தனியாக இந்தக் கட்டியை என்ன செய்யும் என்பது உங்களுக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னீர்கள். அண்ணன் வாயால் 'நைனா ஊசி' என்று கேட்கிற சுகத்துக்காக அவரைப் பாதி வைத்தியத்தில் நிறுத்திவிட்டீர்கள்.

ஆகவே ஒன்று முடிவு செய்திருக்கிறேன். வருகிற ஞாயிறு நீங்கள் போன் செய்து, நான் சொன்னது தப்பு, இரண்டும் சேர்ந்துதான் வைத்தியம் என்று உங்கள் அண்ணனிடம் உங்கள் வாயால் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் திங்கட்கிழமையிலிருந்து உங்கள் ஊசியையும் நான் போடமாட்டேன். கடிதம் போய்ச் சேர நாளாகும் என்பதால் இதையே தந்தியிலும் சுருக்கமாகச் சொல்லியிருக்கிறேன். தந்தி ஆபீஸ்காரர் இரண்டு தடவை வாசித்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

மற்றபடி, எங்கள் மகள் ஆபிதா காலேஜ் பஸ்ஸில் கிருஷ்ணன்கோவிலுக்குப் போய் வருகிறாள். அவள் அத்தாவின் முடி உதிர்ந்ததிலிருந்து தன் தலையை வாரிக்கொள்ளக் கண்ணாடி முன் நிற்பதில்லை.

உங்கள் ஒரு வாக்கியத்துக்காகக் காத்திருக்கிறேன். வஸ்ஸலாம்.

இப்படிக்கு,
மெகராஜ் பேகம்

*

ராஜபாளையம்
16.10.1998

மரியாதைக்குரிய பெரிய மச்சான் அப்துல் ஹமீது அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு இங்கிருந்து டவுன் பஸ்ஸே போகிறது. அந்தத் தூரத்துக்குத் தபால் எழுதுகிற நிலைமையில் நம் குடும்பம் இருக்கிறது. உங்கள் இரும்புக் கடைக்குப் போன் செய்தால் கணக்கப்பிள்ளை எடுத்து, முதலாளி தொழுகைக்குப் போயிருக்கிறார் என்கிறார். காலை பத்து மணிக்கு எந்தத் தொழுகை என்று நான் கேட்கவில்லை.

நீங்கள் மதுரை டாக்டரைப் பிடித்துக் கொடுத்ததும், உங்கள் காரிலேயே தம்பியை அழைத்துப்போனதும் நான் மறக்கக்கூடியவை அல்ல. ஆனால் அவர் உங்கள் 'சிவப்பு மருந்து' வேண்டாம் என்று சொன்ன நாளிலிருந்து நீங்கள் இந்தப் பக்கம் வரவில்லை. கடை ஆள் கருத்தப்பாண்டியிடம் ஒரு கிலோ பால்கோவாவும் ஒரு சேதியும் கொடுத்துவிட்டீர்கள். சேதி: "நைனா மருந்துலயே கொணமாகட்டும். கூப்பிட்டா வாரேன், கூப்பிடாம எப்பிடி வாரது?"

பால்கோவாவை அவரால் வாயில் வைக்க முடியாது. நெய் வாசனைக்கே குமட்டுகிறது. வந்தவர்கள் தின்று, நன்றாக இருக்கிறது என்றார்கள். சேதிக்குப் பதில் எழுதுகிறேன்.

அந்த மருந்து உங்களுடையது அல்ல. ஊசியும் நைனாவுடையது அல்ல. ஒரு மனிதரின் உடம்பில் இரண்டும் சேர்ந்து ஒரே வேலையைச் செய்யவேண்டும் என்று டாக்டர் சொன்னபோது நீங்கள் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தீர்கள். தலையை ஆட்டினீர்கள். இப்போது உங்கள் பங்கை மடித்து எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டீர்கள்.

திங்கட்கிழமை முதல் நான் ஊசியும் போடப்போவதில்லை. இரண்டும், அல்லது இரண்டும் இல்லை. இதைக் கேட்டு உங்களுக்குள் ஒரு சந்தோஷம் வந்தால், அந்தச் சந்தோஷத்தைச் செத்த நேரம் நின்று பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

கூப்பிட்டால் வருவேன் என்றீர்கள். நான் கூப்பிடுகிறேன். வியாழக்கிழமை விடிந்ததும் கார் வேண்டும். என் கூப்பாடு கணக்கில் சேராது, அவர்தான் கூப்பிடவேண்டும் என்றால், அதையும் கருத்தப்பாண்டியிடமே சொல்லி அனுப்புங்கள். இனிப்பு வேண்டாம்.

தாங்களும் குடும்பத்தாரும் நலமாக இருக்க அல்லாஹ் அருள்வானாக.

தங்கள் தம்பி மனைவி,
மெகராஜ் பேகம்

*

ராஜபாளையம்
28.12.1998

அன்புள்ள தம்பி நைனாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் நீண்ட கடிதம் வந்தது. முக்கால்வாசி கல்யாணப் பத்திரிகையைப் பற்றியே இருந்தது. பத்திரிகையை இவ்வளவு நுணுக்கமாக யாரும் ஆராய்ச்சி செய்திருக்க மாட்டார்கள். மீதியில் என் மேல் கோபம். அந்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் போனே செய்யவில்லை என்பது அதில் எங்கும் இல்லை. 'லைன் கிடைக்கவில்லை' என்று கடைசியில் ஓரத்தில் எழுதியிருந்தீர்கள். அதற்கடுத்த ஞாயிறு லைன் கிடைத்தது.

அந்த வாரம் இங்கே நடந்ததை நீங்கள் உங்கள் அக்கா வழியாகக் கேட்டிருப்பீர்கள். என் வழியாகவும் கேளுங்கள்.

சொன்னபடி திங்கட்கிழமை காலை ஊசி போடவில்லை. உங்கள் அண்ணன் சட்டையை விலக்கிக்கொண்டு காத்திருந்தார். இரண்டும் சேர்ந்தால்தான் போடுவேன் என்றேன். விளையாட்டு என்று நினைத்தார். சாயந்திரமும் போடாதபோது ஆரிபா அக்கா வந்துவிட்டார். "புருசனக் கொல்லப் பாக்கியே, நீயெல்லாம் படிச்சவளா?" என்று கேட்டார். தெரு முழுக்கக் கேட்டது. படித்ததால்தான் இந்தக் கதி என்று பக்கத்து வீட்டில் யாரோ பதில் சொன்னதும் கேட்டது. மறுநாள் அக்கா கம்பவுண்டர் பால்ச்சாமியைக் கையோடு அழைத்து வந்தார். அவர் கை கழுவி, பிரிட்ஜிலிருந்து மருந்தை எடுத்து, ஊசியில் ஏற்றியும் விட்டார். நான் தடுக்கவில்லை. வேறு யாராவது போட்டால் தடுப்பேன் என்று நான் சொல்லியிருக்கவில்லையே.

தடுத்தது உங்கள் அண்ணன். "நீங்க போங்க பால்ச்சாமி. அவ கைதான் பழகிருச்சு. வேற கை வேண்டாம்" என்றார். கம்பவுண்டர் என்னைப் பார்த்தார். அக்கா தலையில் அடித்துக்கொண்டார். பிரிட்ஜைத் திறந்து எல்லோருக்கும் காட்டிய மருந்தில் ஒரு குப்பி வீணானது.

எனக்கு இந்த வீட்டில் வெறுப்பு என்பது கைவந்த வேலை. அழுவதைவிட அதில் களைப்பு குறைவு. அன்று அவர் அப்படிச் சொன்ன பிறகு அந்த வெறுப்பு கைக்கு வரவில்லை. போய் அடுப்படியில் நின்றேன். நான் செய்வது வைத்தியமா, பழி தீர்ப்பதா என்று என்னாலேயே சொல்ல முடியவில்லை. ஒரு நாளுக்கு மேல் ஊசி போடாமல் இருந்திருக்கிறேன். அந்த நேரத்தில் அந்தக் கட்டிக்கு என்ன செய்தி போய்ச் சேர்ந்ததோ. இன்னொரு வேளை போயிருந்தால் நான் தோற்றுப்போய், கேட்காமலே போட்டிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். இதை உங்களுக்கு எழுதுவதில் எனக்கு வெட்கம் இல்லை.

ஆனால் அவர் முந்திக்கொண்டார். அடுப்படி வாசல்வரை சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்று, "எம்புட்டுப் பிடிவாதம்டீ ஒனக்கு. சரி, அந்தச் செவப்பையும் ஏத்தித் தொலை. ஆனா ஹமீது அண்ணன் கார்ல ஏற மாட்டேன்" என்றார். உயிர் போகிற நேரத்திலும் எந்தக் காரில் என்று பார்க்கிற வம்சம் உங்களுடையது. அந்தக் கார் வரவும் இல்லை என்பதால் சண்டை மிச்சம். கருத்தப்பாண்டி வந்து, "மொதலாளி, சின்ன மொதலாளி ஒரு வார்த்த கூப்பிட்டா ஒடனே வாரேன்னாங்க" என்று சொல்லிவிட்டு, கொண்டுவந்தது ஒன்றும் இல்லாததால் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான். டாக்ஸி பிடித்து மதுரைக்குப் போனோம். வழி முழுக்க என் தோளில் சாய்ந்துகொண்டு, சாலையோரத்தில் வரும் ஆஸ்பத்திரி ஒவ்வொன்றையும் காட்டி, இவர்கள் நம்மிடம்தான் துணி வாங்குகிறார்கள், இவர்கள் வாங்குவதில்லை என்று சொல்லிக்கொண்டு வந்தார்.

மருந்து ஏறத் தொடங்கி வெகுநேரம் கழித்துப் பெரிய மச்சான் வார்டுக்கு வந்து சேர்ந்தார். யாரும் கூப்பிடவில்லை, நிற்கத் தெரியாமல் கட்டில் கால்மாட்டில் நின்றார். இவர் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, "வந்துட்டீயளா? ஒங்க மருந்துதான் எறங்குது" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெரிய மச்சான் அழுதுவிட்டார். ஆண்கள் அழுவதைப் பார்க்கவென்றே என்னைக் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள்.

அதன் பிறகு இன்னொரு முறையும் ஏற்றியாகிவிட்டது. இரண்டும் சேர்ந்து போய்க்கொண்டிருக்கின்றன. போன வாரம் ஸ்கேன் எடுத்தார்கள். கட்டி சுருங்கவில்லை. வளரவும் இல்லை. டாக்டர் சமுத்திரம் படத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "நின்ன எடத்துலயே நிக்கி. இப்போதைக்கு இதுவே பெருசும்மா. நோன்புப் பெருநாளுக்குப் பொறவு மறுபடி பாப்போம்" என்றார்.

இந்தச் செய்தி வீட்டுக்கு வந்து சேர்ந்த அரைமணி நேரத்தில் என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். வளராமல் நிறுத்தியது நைனா ஊசி என்று ஆரிபா அக்கா. அடித்துப் போட்டது ஹமீது மருந்து என்று ஸ்ரீவில்லிபுத்தூர்க் கட்சி. போனில் நீங்களும் பெரிய மச்சானும் நாலு வருஷம் கழித்து முதல் தடவையாகப் பேசியது இதைத்தான் என்று கேள்விப்பட்டேன். "யாரு மருந்துலணே நின்னுச்சு?" என்று நீங்கள் கேட்டீர்களாம். சமாதானம்கூட உங்களுக்குச் சண்டைக்குள்தான் வருகிறது. வந்தவரை சரி.

நோன்பு தொடங்கிவிட்டது. இவர் நோன்பு வைக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் மனம் ஒடிந்திருக்கிறார். பகலில் கஞ்சி குடிக்கும்போது அறைக் கதவைச் சாத்திக்கொள்ளச் சொல்கிறார். எடை மிகவும் குறைந்துவிட்டது. ஊசி போட வயிற்றில் தோலைக் கூட்டிப் பிடிக்க இப்போது இடம் தேடவேண்டியிருக்கிறது. நேற்று போட்ட இடத்துக்குப் பக்கத்தில் இன்று போடக்கூடாது. எங்கே மிச்சம் இருக்கிறது என்று நானும் அவரும் சேர்ந்து தேடுகிறோம். கல்யாணமான இத்தனை வருஷத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்து எதையும் இப்படித் தேடியதில்லை.

இருக்கிற மருந்து பெருநாள்வரைதான் வரும். அதற்குள் அடுத்ததை அனுப்பிவையுங்கள். முன்பு கொண்டுவந்த அந்த நல்ல மனிதரிடமே கொடுத்துவிட்டால் நல்லது. ஐஸ் விஷயத்தில் அவர் ஒழுங்கானவர்.

ஒன்று மட்டும் கேட்கிறேன் தம்பி. இவருக்குக் குணமானால் உங்கள் ஊசியால் என்று நீங்கள் சொல்லிக்கொள்ளுங்கள். சிவப்பு மருந்தால் என்று பெரிய மச்சான் சொல்லிக்கொள்ளட்டும். நான் குறுக்கே பேசமாட்டேன். ஆகாமல் போனால், ஒரு நாள் ஊசி போடாமல் இருந்தாளே, அவளால் என்று எல்லோரும் சேர்ந்து சொல்லுங்கள். அதற்கும் நான் ஒன்றும் சொல்லமாட்டேன். ஆனால் இந்த நோன்பில் நீங்கள் கையேந்தும்போது யார் மருந்து என்பதை அதில் சேர்க்காதீர்கள். அவர் இருக்கட்டும் என்று மட்டும் கேளுங்கள்.

வஸ்ஸலாம்.

உங்கள் மதினி,
மெகராஜ்